கருவில் எந்த மரபணு எங்கே திறக்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மரபுவழி நோய்களைப் பற்றி எழுதியபோது, “உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது” என்ற ஒரு வரியை விளக்காமல் விட்டுவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பழைய வடார்க்காட்டின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு கவலையிலிருந்து எழுதப்பட்டிருந்தாலும், எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்த கேள்விகள் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பிளஸ் டூ உயிரியல் படிக்கிறேன். எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள் இருக்கின்றன என்றால், இன்சுலின் கணையத்தில் மட்டும் ஏன் சுரக்கிறது? விழிவில்லை கண்ணில் மட்டும் ஏன் உருவாகிறது? தேவைப்படாத மரபணுக்களைச் செல் தூக்கி எறிந்துவிடுகிறதா? எதை வைத்துக்கொள்வது என்று யார் கட்டளையிடுகிறார்கள்?
– மாணவி, காட்பாடி

பதில்: தூக்கி எறிந்துவிடுகிறதா என்ற உங்கள் ஐயம் பெரிய அறிஞர்களுக்கே இருந்த ஐயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வைஸ்மான், கரு பிளவுபடப் பிளவுபட மரபுப் பொருளும் பாகப்பிரிவினை போலப் பிரிந்து, தோலுக்குரிய பங்கு தோலுக்கும் தசைக்குரிய பங்கு தசைக்கும் போய்ச் சேர்கிறது என்று கருதினார். அது அப்படியில்லை என்பதை இங்கிலாந்தின் ஜான் கர்டன் காட்டினார். தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்தபோது, பெரும்பாலான முட்டைகள் பாதியில் நின்றுவிட்டாலும், சில முட்டைகள் கண்ணும் வாலும் துடிக்கும் இதயமும் உள்ள முழுத் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. 1962-இல் வெளியான அந்த ஆய்வின் பொருள் இதுதான்: குடலாகிவிட்ட செல்லிலும் கண்ணுக்கும் நரம்புக்கும் உரிய மரபணுக்கள் அழியாமல் இருந்தன, வாய்ப்புக் கிடைத்ததும் மீண்டும் வேலை செய்தன. விதிவிலக்குகளும் உண்டு. முதிர்ந்த சிவப்பணு தன் உட்கருவையே இழந்துவிடுகிறது. நோய் எதிர்ப்புப் புரதம் செய்யும் இரத்த வெள்ளையணுக்கள் சில மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்கின்றன. மற்றபடி உங்கள் தோல் செல் ஒவ்வொன்றிலும் இன்சுலினுக்கான மரபணு பத்திரமாக இருக்கிறது.

கேள்வியின் கூர்மை இன்னும் நன்றாகத் தெரிய ஒரு செய்தி சொல்கிறேன். இன்சுலினுக்கான மரபணுவும், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினுக்கான மரபணுவும் 11-ஆம் குரோமோசோமின் ஒரே கரத்தில், அதன் நுனிப் பக்கத்தில் இருக்கின்றன. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் முதலாவது, புரதம் செய்வதற்காக ஓயாமல் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, இரண்டாவது ஊமையாகக் கிடக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாகப் போகும் செல்லில் இது அப்படியே தலைகீழ். ஒரே தெருவில் குடியிருப்பவைதான். ஆனால் ஒரு வீட்டில் விளக்கு எரியும் ஊரில் இன்னொரு வீடு இருண்டிருக்கிறது.

மனிதனின் மரபுத்தொகுதியில், அதாவது முழு டி.என்.ஏ.வில், எழுத்துகள் எனப்படும் அலகுகள் ஏறத்தாழ 300 கோடியும், புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000-மும் உள்ளன. புரதத்துக்கான எழுத்துகள் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மீதியுள்ள பகுதியில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பங்கு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மரபணுவின் தொடக்கத்திலும் புரோமோட்டர் எனப்படும் ஒரு பகுதி உண்டு. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி அங்கே வந்து அமர்ந்தால்தான் படியெடுத்தல் தொடங்கும். அது தானாக வந்து அமர்வது அரிது. அதை வரவழைத்து அமர்த்துபவை என்ஹான்சர்கள் என்ற துண்டுகள். சில நூறு எழுத்து நீளமே உள்ள இவை மரபணுவுக்கு அருகிலும் இருக்கலாம், பல லட்சம் எழுத்துகளுக்கு அப்பாலும் இருக்கலாம். டி.என்.ஏ. இழை கண்ணி போல வளைந்துகொடுப்பதால், இழையில் தொலைவில் இருப்பது உட்கருவுக்குள் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒவ்வொரு என்ஹான்சரிலும் சிறு சிறு சொற்களைப் போலப் பத்து எழுத்து அளவிலான குறிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குறிகளைத் தொட்டு அறிந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். மனித மரபுத்தொகுதி இத்தகைய காரணிகளில் ஏறத்தாழ 1,600 வகைகளைச் செய்ய வல்லது. ஆனால் எந்த ஒரு செல்லிலும் அவற்றில் ஒரு பகுதியே இருக்கும். இன்சுலின் மரபணுவை எடுத்துக்கொண்டால் பி.டி.எக்ஸ்.1, நியூரோ-டி1, மாஃப்-ஏ ஆகிய காரணிகள் ஒன்றுகூட வேண்டும். மூன்றும் அந்த அளவில் ஒருங்கே கூடியிருக்கும் இடம் கணையத்தின் பீட்டா செல்.

இதற்கு முன்னால் இன்னொரு தடையும் உண்டு. ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் வரும். அது உட்கருவுக்குள் அடங்குவதற்காக, 147 எழுத்துகளுக்கு ஒரு சுருள் என்ற கணக்கில், எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளைகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றிய பகுதியில் பெரும்பாலான காரணிகளால் தம் குறியைக் கண்டுபிடிக்க முடியாது. கல்லீரல் உருவாகும் இடத்தில் ஃபாக்ஸ்-ஏ போன்ற சில முன்னோடிக் காரணிகள் சுருளோடு இருக்கும்போதே ஒட்டி, அதைத் தளர்த்தி, பின்னால் வருகிறவற்றுக்கு வழிவிடுகின்றன. வேண்டாத பகுதிகளில் டி.என்.ஏ.வின் மேல், அவற்றை மூடிவைக்கும் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறிகள் விழுகின்றன. செல் பிளவுபடும்போது அந்தக் குறிகளும் நகலெடுக்கப்படுவதால், கல்லீரல் செல்லின் வாரிசு கல்லீரல் செல்லாகவே இருக்கிறது.

ஆரணியில் பட்டுத்தறியை நின்று பார்த்திருக்கிறீர்களா? பாவு நூல் அத்தனையும் தறியில் எப்போதும் இருக்கும். ஜக்கார்டு அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதற்கேற்ற இழைகள் மட்டும் மேலே தூக்கப்படும். சேலையின் உடலில் ஒரு கோலம், முந்தியில் வேறு கோலம். மரபணுக்களும் காரணிகளும் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது, அந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தறியின் அட்டையை வெளியே ஒருவர் உட்கார்ந்து துளையிட்டுத் தருகிறார். கருவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. இதுவரை நெய்து முடித்த துணியே அடுத்த வரிக்கான அட்டையைத் துளையிடுகிறது. ஆகவே “யார் கட்டளையிடுகிறார்கள்” என்ற கேள்வியை “இந்தச் செல்லுக்கு இதுவரை என்னென்ன நேர்ந்தது” என்று மாற்றிக் கேட்டால் விடை கிடைக்கும்.

விழிவில்லையையே பார்ப்போம். கோழிக் கருவில் மூளையின் இரு பக்கமும் விழிக்குமிழ்கள் புடைத்து வெளியே வந்து, தலையின் மேல்தோலை உள்பக்கமிருந்து தொடுகின்றன. பாக்ஸ்6 என்ற காரணி அந்த மேல்தோலில் முன்னரே இருக்கிறது. ஆனால் அது தனியாக எதையும் செய்துவிடவில்லை. விழிக்குமிழ் தொட்ட இடத்தில் மட்டும் சாக்ஸ்2 என்ற இரண்டாவது காரணி பெருகுகிறது. இரண்டும் கைகோத்து டெல்டா கிரிஸ்டலின் மரபணுவின் என்ஹான்சரில் ஒட்டியதும், விழிவில்லையின் தெளிவான புரதம் உருவாகத் தொடங்குகிறது. பக்கத்திலேயே தொடப்படாமல் நின்ற தோல், தோலாகவே இருந்துவிடுகிறது. பாக்ஸ்6-இன் ஆற்றலுக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1995-இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கேரிங் குழுவினர், பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் இதற்கு இணையான மரபணுவைத் திறந்துவிட்டபோது அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. எலியின் பாக்ஸ்6-ஐ வைத்தபோதும் முளைத்தது ஈயின் கண்தான். ஏனெனில் அந்தக் காரணி தொட்டுத் திறந்த மரபணுக்கள் ஈயினுடையவை. இதே பாக்ஸ்6 கணையத்திலும் மூளையிலும்கூட வேலை செய்கிறது. அங்கே அதைத் திறக்கும் என்ஹான்சர்கள் வேறு, அதனோடு சேரும் துணைகளும் வேறு.

கேள்வி: நாட்டுக்கோழி அடைவைக்கிறேன். முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நான்காம் நாள் சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. இதயம் எப்போது துடிக்கத் தொடங்கும்?
– கோழி வளர்ப்பவர், பேரணாம்பட்டு

பதில்: நீங்கள் பார்ப்பதற்கு முன்பே, இரண்டாம் நாளின் பிற்பகுதியில் தொடங்கிவிடும். கருவின் இடமும் வலமும் இருந்த இரண்டு செல் கூட்டங்கள் நடுவில் வந்து இணைந்து ஒரே குழாயாகின்றன. அந்தச் செல்களில் கேட்டா4, என்.கே.எக்ஸ்.2-5 முதலிய காரணிகள் கூடி, சுருங்கி விரியும் தசைப் புரதங்களுக்கான மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன. குழாய் முழுமையாக மடிந்து நான்கு அறைகளாகப் பிரிவதற்கு வெகு முன்னரே துடிப்பு வந்துவிடுகிறது.

கேள்வி: முன் நிகழ்ந்தது பின் நிகழ்வதைத் தீர்மானிக்கிறது என்று வகுப்பில் நானும் சொல்லித்தருகிறேன். ஆனால் எல்லாம் ஒரே செல்லில் தொடங்குகிறதே; முதல் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?
– ஆசிரியர், ஆற்காடு

பதில்: உயிரினத்துக்கு உயிரினம் விடை மாறுகிறது. பழ ஈயில் தாய்தான் முதல் வேறுபாட்டை வைத்துவிட்டுப் போகிறாள். முட்டையின் முன்முனையில் பைகாய்டு என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வை அவள் உடல் கட்டிவைக்கிறது. கருவுற்ற பின் அதிலிருந்து உருவாகும் புரதம், தலைப்பக்கம் அடர்த்தியாகவும் வால்பக்கம் போகப்போக மெலிந்தும் பரவுகிறது. 1988-இல் இதை அளந்து காட்டிய கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு, எரிக் வீஷாவுஸ், எட்வர்ட் லூயிஸ் ஆகியோரோடு 1995-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் பரவலைப் படித்தறியும் என்ஹான்சர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஈயின் கருவில் ஈவன்-ஸ்கிப்டு என்ற மரபணு ஏழு பட்டைகளாகத் திறக்கிறது. பார்ப்பதற்கு ஒரே ஒழுங்கில் போட்ட ஏழு கோடுகள் போலத் தோன்றினாலும், இரண்டாம் பட்டைக்கென்று தனியே ஓர் என்ஹான்சர் இருக்கிறது. பைகாய்டும், ஹன்ச்பேக் என்ற இன்னொரு புரதமும் அதைத் திறக்கச் சொல்கின்றன. முன்பக்கத்தில் ஜயன்ட், பின்பக்கத்தில் க்ரூப்பல் என்ற புரதங்கள் அதை மூடச் சொல்கின்றன. திறக்கும் இரண்டும் இருந்து, மூடும் இரண்டும் இல்லாத இடைவெளி கருவில் ஒரே ஒரு மெல்லிய வளையம்தான். அங்கே மட்டும் பட்டை விழுகிறது. மூடுபவையும் திறப்பவையும் அளவுக்கு அளவு எடைபோடப்படும் இந்த இடத்தை, நமது பாடநூல்கள் ‘சுவிட்ச்’ என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவது எனக்கு ஏற்பில்லை. வீட்டுச் சுவிட்சுக்கு ஒரு விரல் போதும்; இதற்குப் பலரின் சம்மதமும் சிலரின் இல்லாமையும் வேண்டும்.

பாலூட்டிகளில் தாய் இப்படி முனை குறித்து வைப்பதில்லை. மனிதக் கரு முதல் இரண்டு மூன்று நாள்கள் தாயின் முட்டை சேர்த்துவைத்த ஆர்.என்.ஏ.யைக் கொண்டே காலம் தள்ளுகிறது. நான்கு முதல் எட்டுச் செல்கள் ஆகும் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் விழிக்கின்றன. பிறகு செல்கள் உருண்டையாகத் திரளும்போது சில வெளிப்புறமாகவும் சில உள்ளேயும் அமைந்துவிடுகின்றன. எலிக் கருவில் நன்கு ஆராயப்பட்டபடி, வெளிச் செல்லுக்கு ஒரு பக்கம் அண்டைச் செல் இல்லை என்ற அந்த ஒரு வேறுபாட்டைச் செல் உணர்ந்து, சி.டி.எக்ஸ்.2 மரபணுவைத் திறந்து நஞ்சுக்கொடியின் வழியில் போகிறது. உள்ளே இருப்பவை ஆக்ட்4 என்ற காரணியை விடாமல் வைத்துக்கொண்டு குழந்தையாகும் வழியில் நிற்கின்றன. அதாவது, நமது உடலின் முதல் வேறுபாடு, யார் விளிம்பில் நின்றார், யார் நடுவில் நின்றார் என்பதுதான். ஆக்ட்4-ஐயும் இன்னும் மூன்று காரணிகளையும் வளர்ந்த தோல் செல்லுக்குள் செலுத்தி, அதைத் தொடக்க நிலைக்கே திருப்பிவிட முடியும் என்று 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் ஜப்பானின் ஷின்யா யாமனாகா காட்டினார். முன்பு சொன்ன கர்டனும் அவரும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கேள்வி: என் மகனுக்குப் பிறக்கும்போதே இரண்டு கையிலும் கட்டைவிரல் பக்கத்தில் ஆறாவது விரல் இருந்தது. இப்போது பேரனுக்கும் அப்படியே. கிரகணத்தன்று மருமகள் வெளியே வந்ததால்தான் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே இருக்கிறாள். உண்மையைச் சொல்லுங்கள் ஐயா.
– ஒரு பாட்டி, குடியாத்தம்

பதில்: அம்மா, முதலில் இந்தப் பக்கத்தை உங்கள் மருமகளுக்குப் படித்துக் காட்டுங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் செய்த எதனாலும் இது வரவில்லை. விரல்களின் அமைப்பு கருவுற்ற ஐந்தாறு வாரங்களிலேயே வகுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் பல பெண்களுக்குத் தாம் உண்டாகியிருப்பதே உறுதியாகியிருக்காது.

தந்தைக்கும் மகனுக்கும் ஒரே இடத்தில் ஒரே விதமாக அமைந்திருப்பதால், இது குடும்ப வழியில் வந்த மரபணு மாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கை மொட்டாக முளைக்கும்போது, சுண்டுவிரல் அமையப்போகும் ஓரத்தில் மட்டும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு திறக்கிறது. அதன் புரதம் அந்த ஓரத்தில் அடர்த்தியாகவும் கட்டைவிரல் ஓரத்தில் இல்லாமலும் இருப்பதை அறிந்துதான் எது சுண்டுவிரல், எது கட்டைவிரல் என்று கை வகுத்துக்கொள்கிறது. கையிலும் காலிலும் இந்த மரபணுவைத் திறக்கும் என்ஹான்சர், மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகளுக்கு அப்பால், வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், திறக்கக்கூடாத கட்டைவிரல் ஓரத்திலும் மரபணு சிறிதளவு திறந்துவிடலாம். அங்கே கூடுதல் விரல் முளைக்கும். 2003-இல் இதைக் கண்டறிந்தபோது மரபியலாளர்களே வியந்தனர். பல விரல் கொண்ட பூனைகளிலும் இதே என்ஹான்சரில் மாற்றம் காணப்பட்டிருக்கிறது. பாம்புகளில் இது சிதைந்து போயிருக்கிறது. எலியின் என்ஹான்சரை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தபோது எலிக்குட்டிகளின் கால்கள் குட்டையாகக் குறுகிப்போயின.

நீங்கள் ஆறுதல் கொள்ள வேண்டிய செய்தி இதற்குள்ளேயே இருக்கிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவே பழுதுபட்டால் மூளை, முகம் முதலியவையும் பாதிக்கப்படும். ஏனெனில் அங்கெல்லாம் அதே மரபணு வேலை செய்கிறது. ஆனால் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அதைத் திறக்கும் என்ஹான்சர்கள் தனித்தனியே உள்ளன. கைக்குரியதில் மட்டும் மாற்றம் நேர்ந்தால் கையோடும் காலோடும் விஷயம் முடிந்துவிடும். உங்கள் பேரனுக்கு இருப்பது இந்த வகைதானா என்பதை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. ஆறாம் விரலுக்கு வேறு பல மரபணுக்களும் காரணமாகலாம், சுண்டுவிரல் பக்கம் முளைப்பது வேறு வகை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மரபியல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே பையனையும் தந்தையையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒரே பிரதியில் உள்ள மாற்றத்தால் வருவதாக இருந்தால், அடுத்த குழந்தைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. விரலை அகற்றுவது எளிய அறுவை சிகிச்சை. உள்ளே எலும்பும் தசைநாணும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வயதை மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: தொழுநோய் எதிர்விளைவுக்குத் தாலிடோமைடு கொடுக்கும்போது பெண்களிடம் அத்தனை கண்டிப்பாக இருக்கிறோம். பெரியவர்களுக்கு உதவும் மருந்து, கருவின் கைகால்களை மட்டும் ஏன் அழிக்கிறது?
– சுகாதாரப் பணியாளர், கரிகிரி

பதில்: 1955 முதல் தொழுநோய்க்காக உழைத்துவரும் மருத்துவமனை உள்ள மண்ணிலிருந்து வந்த கேள்வி என்பதால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, 1961-இன் இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் இது 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாதித்துவிட்டது. ஈ.என்.எல். எனப்படும் தொழுநோய் எதிர்விளைவை இது தணிப்பதை 1960-களில் இஸ்ரேலின் ஜேக்கப் ஷெஸ்கின் கண்டதால் மருந்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. கருவை அது சிதைக்கும் வழி 2018-இல்தான் தெளிவாயிற்று. செல்லின் கழிவு நீக்கும் அமைப்பில் செரிப்லான் என்ற ஒரு புரதம் இருக்கிறது. தாலிடோமைடு அதில் பசை போல ஒட்டிக்கொண்டு, வழக்கமாக அது தொடாத சால்4 என்ற படியெடுத்தல் காரணியையும் பிடித்து அழிக்க வைக்கிறது. கைகால் மொட்டுகள் வளரும்போது மரபணுக்களைத் திறக்கத் தேவைப்படும் காரணிகளில் சால்4-உம் ஒன்று. பிறவியிலேயே சால்4 மரபணு பழுதான குழந்தைகளின் கைகள் தாலிடோமைடு குழந்தைகளின் கைகளை ஒத்திருப்பது இதற்கு வலுவான சான்று. எலியின் புரதங்களில் சிறு எழுத்து வேறுபாடு இருப்பதால் மருந்தின் பிடி அவற்றில் விழுவதில்லை. அந்தக் காலத்து எலிச் சோதனைகள் ஆபத்தைக் காட்டாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

கைகால் மட்டுமல்ல, காது, கண், இதயம் ஆகியவையும் பாதிக்கப்படும். கருவுற்ற 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாள் வரை எந்த நாளில் மருந்து போனதோ அந்த நாளில் அமைந்துகொண்டிருந்த உறுப்பு அடிபடும். ஒரு மாத்திரையே போதும். மருந்து விந்திலும் கலப்பதால் ஆண் நோயாளிகளிடமும் ஆணுறை பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் கண்டிப்பில் ஓர் அணுவும் குறைய வேண்டாம்.

கேள்வி: எங்கள் மகள் பிறந்தபோது நல்ல நிறமும் எடையுமாக இருந்தாள். ஏழாம் மாதத்தில் வெளுத்துப் போனாள். பீட்டா தாலசீமியா என்றார்கள். இப்போது மாதந்தோறும் இரத்தம் ஏற்றுகிறோம். பிறவி நோய் என்றால் பிறந்தபோதே ஏன் தெரியவில்லை? ஏதாவது நாங்கள் கவனிக்கத் தவறினோமா?
– ஒரு தந்தை, ராணிப்பேட்டை

பதில்: நீங்கள் எதையும் தவறவிடவில்லை. பிறந்தபோது உங்கள் மகளின் இரத்தம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அப்போது அவள் பீட்டா குளோபினை நம்பி வாழவில்லை.

11-ஆம் குரோமோசோமில் குளோபின் மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன: முதலில் எப்சிலான், அடுத்து இரண்டு காமா, பிறகு டெல்டா, கடைசியில் பீட்டா. எந்த வரிசையில் நிற்கின்றனவோ ஏறத்தாழ அதே வரிசையில்தான் வாழ்நாளில் அவை பயன்படுகின்றன. முதல் சில வாரங்களில் கருவின் மஞ்சள்கருப் பையில் உருவாகும் சிவப்பணுக்கள் எப்சிலானைத் திறக்கின்றன. பிறகு இரத்தம் உருவாகும் இடம் கல்லீரலுக்கு மாறும்போது காமா திறக்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள ஏற்றது அந்தக் கருநிலை ஹீமோகுளோபின். எலும்பு மஜ்ஜை பொறுப்பேற்று, குழந்தை பிறக்கும் காலத்தை ஒட்டிப் பீட்டா மேலெழுகிறது. காமா ஆறு மாதங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இந்த வரிசைக்கு வெகு முன்னால் ஒரு பெரிய என்ஹான்சர் தொகுதி இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஒரு மரபணுவோடுதான் கண்ணி போட்டுச் சேர முடியும் என்பதால், ஒன்று மூடினால்தான் இன்னொன்றுக்கு முறை வருகிறது. உங்கள் மகளின் காமா வழக்கப்படி விடைபெற்றது. அதன் இடத்துக்கு வர வேண்டிய பீட்டா பழுதுபட்டிருந்ததால் ஏழாம் மாதத்தில் வெளுப்புத் தெரிந்தது.

காமாவை மூடிவைக்கும் புரதங்களில் முதன்மையானது பி.சி.எல்.11ஏ. அதை நீக்கிவிட்டால் காமா மீண்டும் திறக்கும், பீட்டாவின் குறையை அது ஈடுகட்டும் என்பது சிகிச்சைக்கான எண்ணம். சிக்கல் என்னவென்றால், பி.சி.எல்.11ஏ மூளைக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் வேண்டும். மரபணுவையே அழிப்பது ஆபத்து. இங்கேதான் திசுவுக்குத் திசு தனித்தனி என்ஹான்சர் இருக்கிறது என்ற அறிவு உயிர்காக்கும் அறிவாக மாறியது. சிவப்பணு மரபில் மட்டும் பி.சி.எல்.11ஏ-ஐத் திறக்கும் ஒரு சிறு துண்டு அந்த மரபணுவுக்குள்ளேயே இருப்பது 2013-இல் தெரியவந்தது. எல்லா இரத்த அணுக்களையும் உருவாக்கும் நோயாளியின் இரத்த மூலச் செல்களை எடுத்து, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியைக் கொண்டு அந்தத் துண்டில் மட்டும் ஒரு வெட்டுப் போட்டுத் திருப்பிச் செலுத்தும் காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும், தொடர்ந்து அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. தீவிர பீட்டா தாலசீமியாவில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே அப்போது அந்த ஒப்புதல் தரப்பட்டது. செலவு இன்று சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டாதது. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

ஆனால் இதே அறிவைக் கொண்டு வேலூரிலேயே நடந்த ஒரு வேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாகாயத்தில் உள்ள மூலச் செல் ஆய்வு மையமும் சி.எம்.சி.யும் சேர்ந்து, இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா-ஏ என்ற நோய் உள்ள 5 பேருக்கு அளித்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. இரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி என்ற புரதத்தின் மரபணுவை அவர்களுடைய இரத்த மூலச் செல்களில் சேர்த்தபோது, அதன் முன்னால் சி.டி.68 என்ற புரோமோட்டரை வைத்தார்கள். அது ஒற்றை உட்கரு வெள்ளையணு மரபில்தான் நன்றாகத் திறக்கும். ஆகவே புதிய மரபணு மூலச் செல்லில் பெரும்பாலும் அமைதியாக இருந்து, அந்த வெள்ளையணுக்கள் உருவானபோது விழித்து, எட்டாம் காரணியைச் சுரந்தது. கண்காணித்த காலத்தில் அந்த 5 பேருக்கும் இரத்தக் கசிவு நேரவில்லை. இது தாலசீமியாவுக்கான சிகிச்சை அன்று, ஆனால் இரண்டின் அடிப்படை எண்ணமும் ஒன்றே.

இப்போது உங்கள் கையில் இருப்பவை மூன்று. மகளுக்கு உடன்பிறந்தவர் இருந்தால் திசுப் பொருத்தம் பாருங்கள். பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று இன்றைக்குக் கிடைக்கும் நிலையான தீர்வு, சிறு வயதில் செய்வது நல்லது. இரத்தம் ஏற்றும் வரை உடலில் சேரும் இரும்பை நீக்கும் மருந்தை ஒருநாளும் விட வேண்டாம். நீங்கள் இருவரும் பழுதான மரபணுவை ஒற்றைப் பிரதியாகச் சுமப்பவர்கள். அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதை மூன்றாம் மாதத்துக்குள்ளேயே நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து அறிய முடியும். அந்தத் துணுக்கில் பீட்டா மரபணு அப்போது மூடியே இருக்கும். ஆனாலும் எழுத்துகள் எல்லாம் அங்கே இருப்பதால் பிழையைப் படித்துவிடலாம்.